எலும்பு கூடாத குளிர்காலம்

"இன்னும் கூடலை," என்றார் டாக்டர்.

ஒளிப்பெட்டியில் மாட்டியிருந்த படத்தை எல்னா எட்டிப் பார்த்தாள். கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே, எலும்பின் குறுக்கே கறுப்பாக ஒரு கோடு. செப்டம்பரில் பார்த்த அதே கோடு. நாலு மாதத்தில் மயிரிழை அளவுகூட மங்கவில்லை.

அவளுக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. நாலு மாதமாக இந்த மனிதனுக்குள் அவள் ஊற்றிய பாலும் மீனெண்ணெயும், தின்னக் கொடுத்த பாலாடைக்கட்டியும், கொதிக்க வைத்த எலும்புச் சாறும் எங்கேதான் போய்த் தொலைந்தன?

டாக்டர் நீமான் இளைஞர். தெற்கேயிருந்து வந்தவர். பேனாவைத் திறந்துகொண்டு கேள்விகளை அடுக்கினார்.

"சர்க்கரை வியாதி?"

"இல்லை."

"சாப்பாடு?"

"குதிரை திங்கிற அளவு திங்கறாரு," என்றாள் எல்னா.

"புகை பிடிப்பாரா?"

புருஷன் ஹில்டிங் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "எங்க வீட்டுல யாருமே பிடிக்க மாட்டோம். இவங்க அப்பா பிடிச்சதில்ல, தாத்தா பிடிச்சதில்ல. காட்டு வேலை பாக்கற குடும்பம் டாக்டர், நெருப்பு ஆகவே ஆகாது."

சொல்லும்போதே அவள் முதுகு நிமிர்ந்தது. டாக்டர் தலையாட்டி ஒரு கோடு கிழித்தார். பிறகு பேனாவை மூடினார்.

"ஏப்ரல் பதினெட்டாம் தேதி மறுபடி படம் எடுப்போம். அப்பவும் இப்படியே இருந்தா, இடுப்பெலும்புலேர்ந்து கொஞ்சம் எடுத்து இங்க வெச்சு, தகடு போட்டு முடுக்கணும். அதுக்கப்புறம் ஒரு வருஷம் ஆகும். கால் கொஞ்சம் குட்டையாகலாம்."

"நான் மரம் அறுக்கிற மிஷின் ஓட்டுறவன்," என்றான் ஹில்டிங். அன்று அவன் பேசிய முதல் வாக்கியம் அது. "கேபின் தலைக்கு மேல உசரத்துல இருக்கு. பனிக்கட்டி பிடிச்ச ஏணியில நாளைக்கு இருபது தடவை ஏறி இறங்கணும்."

"ஆபரேஷன் வரைக்கும் போச்சுன்னா அந்த ஏணிய மறந்துடுங்க."

ஹில்டிங்குக்கு ஐம்பத்துநாலு வயது. அந்த வேலையைத் தவிர வேறெதையும் அவன் கை அறியாது.

எழுந்து வரும்போது டாக்டர் அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார். எலும்பு கூடுவதைக் கெடுக்கும் காரணங்கள். எல்னா அதை நாலாக மடித்து, தேடப்படும் குற்றவாளியின் படத்தைப் பெற்றுக்கொண்ட போலீஸ்காரன் மாதிரி கைப்பைக்குள் வைத்தாள்.

வீட்டுக்குத் தொண்ணூறு கிலோமீட்டர். மத்தியானம் இரண்டரை மணிக்கே இருட்டிவிட்டது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்துநாலு டிகிரி. பின் சீட்டில் மாவுக்கட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஹில்டிங், தங்கள் ஊரான ரிசெலேயின் திருப்பம் வந்தபோதுதான் வாயைத் திறந்தான்.

"குட்டைக் கால் ஒண்ணும் மோசமில்ல. மலைச் சரிவுல வேலை பாக்க வசதி."

"ஒரு பக்கமாவே நடக்கணுமே."

"திரும்பி வரும்போது பின்பக்கமா நடந்து வர்றேன்."

எல்னா சிரிக்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். சிரித்துவிட்டாள்.

*

அந்தக் குளிர்காலத்தை நினைக்கும்போதெல்லாம், இத்தனை வருடங்கள் கழித்தும், எல்னாவுக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தச் சிரிப்புகள்தான். கல்யாணமான இருபத்தெட்டு வருடத்தில் சிரித்ததையெல்லாம் கூட்டினாலும் அந்த ஒரு குளிர்காலத்துக்கு ஈடாகாது.

காரணம் எளிது. இருபத்தெட்டு வருடமாக அவள் புருஷன் வீட்டில் இருந்ததே இல்லை.

திங்கட்கிழமை விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்புவான். நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி ஏதாவதொரு காட்டில், சக்கரம் வைத்த குடிலில் மற்ற ஆட்களோடு தங்குவான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீசல் நாற்றத்தோடு வருவான். சாப்பிடுவான். தூங்குவான். சனிக்கிழமை விறகு பிளப்பான், சங்கிலி ரம்பத்துக்கு அரம் போடுவான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே திங்கட்கிழமைக்கான பை கதவோரம் வந்து உட்கார்ந்துவிடும். ரிசெலேயில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். பெண்கள் வார நாட்களில் விதவைகள், வார இறுதியில் சமையல்காரிகள்.

செப்டம்பரில் மூஸ் மான் வேட்டை தொடங்கிய முதல் நாள். வேட்டைக் குழுவின் தலைவன் ஹில்டிங்கின் அண்ணன் ஏவர்ட். ஹில்டிங்குக்கு ஒதுக்கிய இடம் சதுப்பு ஓரத்து மர ஏணிப் பரண். விடியற்காலை உறைபனி. மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தவன், தூரத்தில் குதிரை உயரத்துக்கு ஒரு மூஸ் வருவதைப் பார்த்து எழுந்தான். எழுந்த கால் வழுக்கியது. துப்பாக்கி ஒரு பக்கம், ஹில்டிங் ஒரு பக்கம், உடைந்த கால் இன்னொரு பக்கம்.

"அந்த மூஸ் கிட்ட வந்து இவனை ஒரு நிமிஷம் பாத்துதாம்," என்று ஏவர்ட் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். "பாவம்னு நெனச்சிருக்கும். அப்படியே போயிருச்சு."

அன்றிலிருந்து சமையலறை சோபா ஹில்டிங்கின் ராஜ்ஜியமாயிற்று. அடுப்புக்குப் பக்கத்தில், ஜன்னலுக்குக் கீழே, மாவுக்கட்டுக் காலை இரண்டு தலையணை மேல் ஏற்றிக்கொண்டு கிடந்தான். முதல் மாதம் கூண்டில் அடைத்த கரடி மாதிரி உறுமினான். இரண்டாம் மாதம் பேச ஆரம்பித்தான்.

எல்னா ஊராட்சியின் முதியோர் உதவி வேலையில் இருந்தாள். காலையில் எட்டு வீடு ஏறி இறங்கி, கிழவர்களுக்குக் காலுறை மாட்டி, கஞ்சி வைத்துவிட்டு மத்தியானம் வீடு திரும்புவாள். முன்பெல்லாம் திரும்பி வந்தால் வீடு ஜில்லென்று கிடக்கும். இப்போது ஜன்னலில் வெளிச்சம் இருக்கும். அடுப்பு எரியும். சோபாவிலிருந்து குரல் வரும்.

"அல்கொட் கெழவன் இன்னிக்கு என்ன சொன்னான்?"

"கால் மரத்துப்போச்சுன்னான். காலுறைய ரெண்டையும் ஒரே கால்ல போட்டிருந்தான்."

"இன்னொரு காலு?"

"அதுதான் மரத்துப்போன கால்."

இப்படி. மரத்தைத் தவிர எதைப் பற்றியும் பேசாத மனிதன், உட்கார்ந்தபடியே மெல்லிய ரொட்டிக்கு மாவு தேய்க்கக் கற்றுக்கொண்டான். அவன் தேய்த்த முதல் ரொட்டி நார்வே தேசத்து வரைபடம் மாதிரி இருந்தது. டிசம்பருக்குள் வட்டமாகிவிட்டது. அவன் தேய்ப்பான், அவள் அடுப்பில் போட்டெடுப்பாள். சூட்டோடு வெண்ணெய் தடவி, அடுப்படியிலேயே தின்பார்கள். வெளியே பனி ஜன்னல் பாதிவரை ஏறியிருக்கும்.

சீட்டாட்டத்தில் அவளை ஏமாற்றவும் கற்றுக்கொண்டான். கண்டுபிடித்தால் ஒரே சிரிப்பு. சிரிக்கும்போது மேலுதடு தூக்கி, உள்ளே அடக்கியிருக்கும் ஸ்னூஸ் உருண்டை கறுப்பாகத் தெரியும்.

ஸ்னூஸ் தெரியாத ஆள் அந்தப் பக்கத்தில் கிடையாது. வண்டல் மண் மாதிரி ஈரமாக இருக்கும் பொடி. இரண்டு விரலால் கிள்ளி உருட்டி, மேலுதட்டுக்கு அடியில் வைத்து அமுக்கினால் ஒரு மணி நேரத்துக்கு ஆள் நிம்மதி. நெருப்பில்லை, புகையில்லை, இரண்டு கையும் வேலைக்குக் காலியாக இருக்கும். காட்டு ஆட்களுக்கென்றே செய்தது போல. சாராயத்தையும் சீட்டையும் சிகரெட்டையும் நரகத்தின் மூன்று வாசல் என்று முழங்கும் பிரார்த்தனைக் கூடத்துப் போதகரின் பைபிளுக்குப் பக்கத்திலேயே ஸ்னூஸ் டப்பா இருக்கும். யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. காபியை யாராவது குறை சொல்வார்களா?

அந்த நவம்பரில்தான் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேருவதா வேண்டாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. ரிசெலேயில் வேண்டாம் என்று போட்டவர்கள்தான் ஏறக்குறைய எல்லோரும். நாடு சேர்ந்துவிட்டது. ஸ்னூஸுக்குத் தடை வராது, தனி விலக்கு வாங்கியாகிவிட்டது என்று வானொலியில் படித்துப் படித்துச் சொன்னார்கள்.

"பிரஸ்ஸல்ஸ்காரன் பேச்சை நம்பறதா?" என்றான் ஹில்டிங். "வெள்ளரிக்கா எவ்வளவு வளையலாம்னு சட்டம் போடற பய. இன்னிக்கு விலக்குன்னுவான், நாளைக்கு டப்பாவைப் பிடுங்கிடுவான்."

எனவே எல்னா கடைக்குப் போகும்போதெல்லாம் ஐந்து டப்பா, பத்து டப்பா என்று கூடுதலாக வாங்கி வந்தாள். கிறிஸ்துமஸுக்குள் ஆழ் உறைபெட்டியில் மூஸ் இறைச்சிக்கும் காட்டு லிங்கன் பழத்துக்கும் நடுவே நூற்றுப் பத்து டப்பாக்கள் செங்கல் சுவர் மாதிரி அடுக்கியிருந்தன. வேலைக்குப் போகும் காலத்தில் ஒரு டப்பா இரண்டு நாள் வரும். சோபாவில் சும்மா கிடப்பவனுக்கு நாளுக்கு ஒன்று. காலையில் கிளம்புமுன் அவளே ஒன்றை எடுத்து, உருகட்டும் என்று அடுப்போரம் வைத்துவிட்டுப் போவாள். காபியோடு, செய்தித்தாளோடு, அதுவும்.

*

டாக்டர் கொடுத்த தாளைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினாள் எல்னா. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள்.

"இதுல ஒரு திருடன் இருக்கான். உன் எலும்பைத் திருடித் திங்கிறவன். நான் பிடிக்காம விடமாட்டேன்."

"நாய் ஏதாவது?"

"நம்ம வீட்டுல நாய் இல்ல."

"அப்ப நீதான்."

முதல் வரி, புகை. அதை அடித்தாள். இரண்டாவது, சர்க்கரை. சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் விரலைக் குத்திப் பார்த்தாயிற்று. சுத்தம். மூன்றாவது, சத்துக் குறைவு. அதைப் பார்த்து ஹில்டிங்கே சிரித்தான். முந்தின நாள்தான் பால்ட் செய்திருந்தாள். பன்றிக்கொழுப்பை உள்ளே வைத்துப் பிடித்த உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை, ஒவ்வொன்றும் கைமுட்டி அளவு. எட்டு தின்றுவிட்டு, ஒன்பதாவதை முழங்கையால் தள்ளிவிட்டு மயங்கிக் கிடந்தவன் அவன்.

நாலாவது வரி: காலை நேரத்துக்கு முன்பே ஊன்றி நடப்பது. இங்கே எல்னாவின் கண் சுருங்கியது. மறுநாள் அரை மணி முன்னதாக வீடு திரும்பினாள். மாவுக்கட்டின் குதிகால் ஈரமாக இருந்தது. சோபாவுக்கடியில் மரச் சிராய்கள்.

"விறகுக் கொட்டாய்க்குப் போனியா?"

"இல்ல."

"பனி உன் காலைத் தேடி உள்ள வந்துச்சா?"

ஹில்டிங் மூச்சைச் சட்டென்று உள்ளே இழுத்தான். அந்தப் பக்கத்தில் அதுதான் ஆமாம்.

"ஒரு பத்து கட்டைதான் பிளந்தேன். கை துருப்பிடிக்குது எல்னா."

கோடாரி அன்றே ஏவர்ட் வீட்டுக்குப் போயிற்று. ஐந்தாவது வரி: சிலவகை வலி மாத்திரைகள். அவன் வேட்டைக் கோட்டுப் பையில் மூன்று அட்டை கிடைத்தது. அதுவும் போயிற்று.

எல்லா வரியும் அடித்தாயிற்று. எல்லா வாசலையும் பூட்டியாயிற்று. ஆனாலும் இரவு படுக்கும்போது அந்தக் கறுப்புக் கோடு அவள் கண்ணுக்குள் வந்து படுத்துக்கொண்டது. மரம் அறுக்கும் மிஷினின் முதலாளி ரூனே ஒருநாள் போனில் கூப்பிட்டான்.

"பனி உருகி ரோடு காயற வரைக்கும் உன் எடத்துல வேற ஆள் போடலை ஹில்டிங். ஜூன்ல நீ வரலைன்னா நான் என்ன செய்யட்டும், சொல்லு."

"எனக்குத் தெரியும் ரூனே."

"தப்பா எடுத்துக்காத."

"எடுத்துக்கலை."

போனை வைத்த பிறகு ஹில்டிங் மாவு தேய்க்கும் கட்டையை வெகு நேரம் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். அன்று ரொட்டி சுடவில்லை. "உடைஞ்ச கோடாரிக் காம்புக்குக்கூட ஒரு உபயோகம் இருக்கு," என்றான் கடைசியில். "அடுப்புல வைக்கலாம்."

*

பிப்ரவரி இரண்டாம் தேதி, வியாழக்கிழமை.

மாவட்ட நர்ஸ் சோல்வெய்க் மாவுக்கட்டைப் பார்க்க வந்தாள். தென்கோடி ஸ்கோனேக்காரி. தொண்டைக்குள் உருளைக்கிழங்கு மாட்டிய மாதிரிப் பேசுவாள். அந்த வட்டாரத்துக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஹில்டிங் மத்தியானச் சாப்பாடு முடிந்து சோபாவில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான். நெஞ்சின் மேல் ஸ்னூஸ் டப்பா. மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"எழுப்பாதீங்க," என்று கிசுகிசுத்துவிட்டு, நர்ஸ் கால் விரல்களைத் தொட்டுப் பார்த்தாள். காபிக்கு உட்கார்ந்தாள். கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள்.

"அது என்ன?"

"எது?"

"அவர் நெஞ்சு மேல."

எல்னா திரும்பிப் பார்த்தாள். அங்கே புதிதாக எதுவும் இல்லை. "ஸ்னூஸ்."

"ஒரு நாளைக்கு எவ்வளவு?"

"இப்ப ஒரு டப்பா. பொழுது போகணும்ல."

நர்ஸ் கோப்பையைக் கீழே வைத்தாள். "புகையிலை கிடையாதுன்னு டாக்டர்கிட்ட சொல்லியிருக்கீங்களே."

"புகை பிடிக்கறது கிடையாதுன்னு சொன்னேன்."

"எல்னா, அந்த டப்பாவுல இருக்கறது என்னன்னு நெனச்சீங்க?"

எல்னா டப்பாவையே பார்த்தாள். அந்தக் கேள்விக்குப் பதில் அவளுக்குத் தெரியாமல் இல்லை. டப்பா மூடியிலேயே எழுதியிருந்தது. ஆனால் ஐம்பது வருடத்தில் ஒருமுறைகூட அதை அவள் அப்படி நினைத்ததில்லை.

"சிகரெட்டுல இருக்கற அதே நிகோட்டின்தான்," என்றாள் நர்ஸ் தணிந்த குரலில். "நாள் பூரா ரத்தத்துல இருக்கு. ரத்தக்குழாய் சுருங்கும். அந்த இடத்துல ஏற்கெனவே ரத்தம் கம்மி. இது ஒண்ணுதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா மத்ததெல்லாம் நீங்க பாத்தாச்சு. இன்னிக்கே நிறுத்தினா ஏப்ரல் படத்துக்குப் பத்து வாரம் இருக்கு. பத்து வாரத்துல நெறைய நடக்கலாம். ஒவ்வொரு நாளும் முக்கியம். நான் எழுப்பிச் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?"

"நான் சொல்றேன்."

நர்ஸின் கார் போன பிறகும் எல்னா மேசையிலேயே உட்கார்ந்திருந்தாள். திருடனைப் பிடித்தாயிற்று. தினமும் காலையில் உறைபெட்டியைத் திறந்து, ஒன்றை எடுத்து அடுப்போரம் வைத்த கை. அவளுடைய கை.

சொல்லிவிட வேண்டும். விழித்ததும் சொல்லிவிட வேண்டும்.

ஹில்டிங் விழித்தான். கொட்டாவி விட்டான். தலைமுடி ஒரு பக்கம் நட்டுக்கொண்டு நின்றது.

"ஒரு கனவு எல்னா. நானும் நீயும் ரொட்டிக் கடை வெச்சிருக்கோம். ஏவர்ட் வந்து கடன் கேக்கறான்."

"குடுத்தியா?"

"நீ குடுக்காதன்னுட்ட." டப்பாவைத் திறந்து பார்த்தான். காலி. "ஒண்ணு எடுத்துக் குடேன். சாயங்காலம் சீட்டு போடலாமா? இன்னிக்கு ஏமாத்த மாட்டேன், சத்தியம்."

அந்த நிமிடத்தில்தான் எல்னாவுக்கு அது உறைத்தது. எலும்பு கூடினால் ஜூன். ஜூன் என்றால் திங்கட்கிழமை விடியற்காலை நாலு மணி. கதவோரம் பை. இருட்டு ஜன்னல்.

அவள் உறைபெட்டியைத் திறந்தாள். ஒரு டப்பாவை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

*

அன்று சீட்டாடினார்கள். அவன் ஏமாற்றினான்.

வெள்ளிக்கிழமை பால்ட் செய்தாள். உருகிய வெண்ணெயையும் லிங்கன் பழக்கூழையும் அவன் தட்டில் தாராளமாக விட்டாள். என்ன விசேஷம் என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றாள்.

சனிக்கிழமை, இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் முறையாகச் சூரியன் கூரைகளுக்கு மேலே ஏறி வந்தது. காற்றே இல்லை.

"ஏரிக்குப் போலாமா?" என்றாள் எல்னா.

"நான் எப்படி வர்றது? தவழ்ந்தா?"

விறகு இழுக்கும் சறுக்குப் பலகையில் கலைமான் தோலை விரித்து, அவனை உட்காரவைத்து, மாவுக்கட்டுக் காலுக்கு அவனுடைய பழைய கம்பளிச் சட்டையைச் சுற்றி, கயிற்றைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு இழுத்தாள். ஊர் நடுவே. ஏவர்ட் வாசலில் பனி வாரிக்கொண்டிருந்தவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தான்.

"குதிரை வாங்கிட்டியாடா ஹில்டிங்?"

"கொஞ்சம் வயசான குதிரை," என்றான் ஹில்டிங் பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்து. "ஆனா நல்லா இழுக்குது."

"கடிக்குமா?"

"பின்னங்காலால உதைக்கும். தள்ளி நில்லு."

ஏரியின் நடுவில் அவள் துளை போட்டாள். பனிக்கட்டி முழங்கை ஆழம். இருவரும் ஒரே பலகையில் முதுகோடு முதுகு சாய்ந்து, ஆளுக்கொரு குட்டித் தூண்டிலோடு உட்கார்ந்தார்கள். ஒன்பது பெர்ச் மீன். ஏழு அவளுடையது. சுள்ளி எரித்துக் காபி போட்டு, அந்தப் பக்கத்து வழக்கப்படி அதில் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டுக் குடித்தார்கள். வெயில் கன்னத்தில் ஊசி மாதிரி குத்தியது. ஹில்டிங் தொப்பியைக் கழற்றினான்.

"இத்தனை வருஷமா இந்த ஏரி இங்கயேதான் இருந்துச்சா?" என்றான்.

"நகரவே இல்ல."

"நான்தான் பாக்கலை."

அவன் ஒரு உருண்டை உருட்டி உதட்டுக்கடியில் வைத்தான். எல்னா தூண்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சனிக்கிழமையின் வெயிலுக்குள் ஒரு முள் இருந்தது. அது அவளுக்கு மட்டும் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் சோபாவிலிருந்து எழுந்து, ஊன்றுகோலை மறந்துவிட்டு, இரண்டு அடி வைக்கப் பார்த்தான். வலியில் முகம் வெளுத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டான். கத்தவில்லை. தலையைச் சுவரில் சாய்த்தபடி மெதுவாகச் சொன்னான்.

"இது கூடவே கூடாது போலிருக்கு எல்னா."

எல்னா அவனைப் பிடித்து உட்காரவைத்தாள். எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"வாயைத் திற."

"என்ன?"

"உள்ள இருக்கறதைத் துப்பு. நர்ஸ் சொல்லிட்டா. உன் எலும்பைத் திங்கறது அதுதான்."

*

அதற்குப் பிறகு நடந்ததை ரிசெலேயில் போர் என்றுதான் சொல்வார்கள்.

நூற்றுப் பத்தில் மிச்சமிருந்த எழுபத்திரண்டு டப்பாவும் ஏவர்டின் கொட்டகைக்குப் போய்ப் பூட்டுக்குள் அடைந்தன. ஹில்டிங் மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் பேசியவை அச்சில் ஏறாது. காபித்தூளை உருட்டி உதட்டுக்கடியில் வைத்தான். தேவதாரு பிசினை மென்றான். உலர்ந்த கலைமான் இறைச்சியை அடக்கினான். ஒருநாள் எல்னா வேலையிலிருந்து வந்தபோது, உறைபெட்டியை முழுக்கக் காலி செய்து தரையில் உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் இறைச்சிப் பொட்டலங்கள்.

"ஒண்ணாவது கீழ விழுந்திருக்கும்னு..." என்றான்.

பார்க்க வருகிறவர்களுக்கும் சட்டம் வந்தது. வாசலில் நின்று எல்னா ஒவ்வொருவர் மேலுதட்டையும் பார்ப்பாள்.

"துப்பிட்டு உள்ள வா."

"இப்பத்தான் வெச்சேன் எல்னா!"

"அப்ப வாசல்லயே நில்லு. மூஞ்சி மட்டும் உள்ள நீட்டிப் பேசிக்கோ."

வேட்டைக் குழுவின் ஒன்பது ஆண்பிள்ளைகளும் வெறும் உதட்டோடு அந்தச் சமையலறையில் பள்ளிக்கூடப் பையன்கள் மாதிரி வரிசையாக உட்கார்ந்த காட்சியை ஊர் இன்னும் மறக்கவில்லை. போதகர்கூட டப்பாவைப் பனிக்குள் புதைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். திரும்பிப் போகும்போது புதைத்த இடம் தெரியாமல் கால் மணி நேரம் தோண்டினார்.

மார்ச்சில் ஹில்டிங் மறுபடி ரொட்டி தேய்த்தான். சாப்பாடு ருசிக்கிறது என்றான். எல்னா பத்து வாரம் என்று நர்ஸ் சொன்னதிலிருந்து மூன்று நாளைக் கழித்துக் கழித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மூன்று நாளில் ஏதாவது கெட்டிருந்தால்? ஏப்ரல் படத்தில் அந்தக் கோடு அப்படியே இருந்தால், அவனை முடமாக்கியது யார்?

*

ஏப்ரல் பதினெட்டு. ஒளிப்பெட்டியில் படம்.

கோடு இருந்தது. ஆனால் அதன் இரண்டு பக்கமும் வெள்ளையாக, முடிச்சு விழுந்த கயிறு மாதிரி, புது எலும்பு திரண்டு மூடியிருந்தது.

"கூடிருச்சு," என்றார் டாக்டர் நீமான். அவர் முகத்திலேயே சந்தோஷம் தெரிந்தது. "ஸ்னூஸ்தான் காரணம்னு சத்தியம் பண்ண மாட்டேன். விறகு பிளந்ததை நிறுத்தினதும் இருக்கலாம், மாத்திரைய விட்டதும் இருக்கலாம். என்னவா இருந்தா என்ன, நல்ல எலும்பு." கோப்பைப் புரட்டினார். "பிப்ரவரி ரெண்டு, வியாழக்கிழமை உங்க வீட்டுல பேசினதா நர்ஸ் எழுதியிருக்காங்க. அன்னிக்கே நிறுத்திட்டீங்களா?"

எல்னா மனசுக்குள் கணக்குப் போட்டாள். வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை இல்லை. வியாழக்கிழமை.

ஹில்டிங் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"அன்னிக்கே," என்றான்.

டாக்டர் எழுதிக்கொண்டார்.

திரும்பும் வழியெல்லாம் ஹில்டிங் பனி உருகும் வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தான். அன்னங்கள் வந்துவிட்டன என்றான். ஆறு பெருகியிருக்கிறது என்றான். எல்னா இரண்டு முறை வண்டியை ஓரமாக நிறுத்த நினைத்தாள். நிறுத்தவில்லை.

மே மாதம் ஊன்றுகோல் போயிற்று. ஒரு காலின் ஆடுதசை மற்றதைவிடப் பாதியாக இருந்தது. சமையலறைக்கும் கொட்டகைக்கும், பிறகு ஏரிக்கரைக்கும், பிறகு மலைத் திருப்பம் வரைக்கும் நடந்தான். வீட்டின் வெளி மாடிப்படியில் ஒரு நாளைக்கு இருபது தடவை ஏறி இறங்கினான். எல்னா ஜன்னல் வழியாக எண்ணினாள். ரோடு காய்ந்தது. ரூனே போன் செய்தான்.

ஜூன் முதல் திங்கட்கிழமை. நாலு மணிக்கே நல்ல வெளிச்சம். ராத்திரி என்றே ஒன்று இல்லாத காலம் அது. வேன் வாசலில் நின்றது. உள்ளே இரண்டு பேர் தூங்கி வழிந்தார்கள். ஹில்டிங் பையைத் தூக்கினான். எல்னா படியில் நின்றாள், இரவு உடையின் மேல் அவனுடைய பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு.

"ஹில்டிங். நர்ஸ் வந்தது வியாழக்கிழமை. நான் உன்கிட்ட சொன்னது..."

"தெரியும்."

"அந்த மூணு நாளு நான்..."

அவன் பையைக் கீழே வைத்தான். வேனிலிருந்து ஒருவன் ஹாரனை லேசாகத் தட்டினான். ஹில்டிங் அதைக் காதில் வாங்கவில்லை. புருவத்தைச் சுருக்கி எதையோ யோசித்தான்.

"நீ என்னை ஏரிக்கு இழுத்துட்டுப் போனியே. அது அந்த மூணு நாள்ல, சனிக்கிழமைதானே?"

"ஆமா."

"அப்ப சரி," என்றான் ஹில்டிங்.

பையை எடுத்துக்கொண்டான். வேனின் படியில் உடைந்த காலைத்தான் முதலில் வைத்து ஏறினான்.